கடைசி அடி அவளுடையதாக இருக்கட்டும்

கம்ப்யூட்டரில் விளையாடுகிறவன் என்றாலே எந்நேரமும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டிருப்பான் என்று நினைக்கிறார்கள், சார். காலையில் உங்கள் ஏட்டய்யாகூட அப்படித்தான் கேட்டார். நான் ஆடுவது அந்த ரகம் இல்லை. அதில் அவசரமே கிடையாது.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் சொல்வது உங்களுக்கு விளங்காது. திரையில் ஒரு நாடு விரிந்திருக்கும். காடு, மலை, ஆறு, கோட்டை, எல்லாம் தேன்கூட்டு அறைகள் மாதிரி கட்டம் கட்டமாக. என் பக்கம் கொஞ்சம் பேர் நிற்பார்கள். வில்லாளி, வாள்காரன், மந்திரம் தெரிந்த ஒருத்தி. எதிர்ப்பக்கம் பிணங்களை எழுப்பிவிடும் சூனியக்காரனும் அவனுடைய எலும்புப் படையும். என் ஆட்களை நகர்த்திவிட்டு, என் முறை முடிந்தது என்று ஒரு பொத்தானை நான் அமுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் நகர முடியும். அமுக்காதவரை அந்த எலும்புக்கூடு ஓங்கிய கத்தியோடு அப்படியே நிற்கும். நீங்கள் எழுந்துபோய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு வரலாம். வண்ணார்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ஃப்ளெக்ஸ் கடையில் நாள் முழுக்க யாராவது தலைமேல் நின்று, "அண்ணாச்சி, பேனர் ஆச்சா, ஆச்சா" என்று பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து இதைத் திறந்தால் ஒரு நாடே எனக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அந்தச் சுகம் ஆடாதவர்களுக்குச் சொன்னால் புரியாது.

இன்னொரு சுகமும் உண்டு. ஆட்களை வளர்க்கலாம். புதிதாகப் படையில் சேருகிறவர்கள் எல்லாம் சோப்ளாங்கிகள், ஓர் அடி தாங்கமாட்டார்கள். எதிரிகளை வீழ்த்த வீழ்த்த அனுபவம் கூடும். ஒரு கட்டத்தில் அடுத்த நிலைக்கு ஏறுவார்கள். உடை மாறும், ஆயுதம் மாறும், முகமே மாறிவிடும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைசி அடியை யார் அடிக்கிறாரோ அவருக்குத்தான் பெரிய அனுபவம். அதனால் பலசாலியை வைத்து எதிரியை அரை உயிராக்க வேண்டும். பிறகு பலசாலியை ஒதுக்கி நிறுத்திவிட்டு நோஞ்சானை முன்னால் விட வேண்டும். பார்க்க நெஞ்சு பதறும். காப்பாற்றக்கூடிய ஆள் பக்கத்துக் கட்டத்திலேயே நிற்பான், ஆனால் கை நீட்டக் கூடாது. நீட்டினால் நோஞ்சான் கடைசிவரை நோஞ்சான்தான். ஆள் செத்துப்போனால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடும் வசதியும் இருக்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை. அது அழுகுணி ஆட்டம்.

முத்துராணிக்கு ஆழ்வார்திருநகரி. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நல்ல பெண், சார். சமையலிலோ சுத்தத்திலோ ஒரு குறை சொல்ல முடியாது. பயந்த சுபாவம், அது ஒன்றுதான். அப்படிப் பயப்படுகிற ஒருத்தியை நான் பார்த்ததில்லை. சிந்துபூந்துறையில் எங்கள் வீடு சந்தின் கடைசியில் இருக்கிறது. என் பைக் சந்துக்குள் திரும்பும் சத்தம் கேட்டாலே கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவாள். டம்ளரைப் போட்டிருக்கிறாள், கரண்டியைப் போட்டிருக்கிறாள், ஒரு தடவை கொதிக்கிற ரசத்தைக் காலில் போட்டுக்கொண்டாள். நான்தான் உட்கார்ந்து மருந்து தடவினேன். தடவுகிற நேரத்திலும் அந்தக் கால் வெடவெடவென்று நடுங்கியது. நான் பேசாமல் இருந்தாலும் பயப்படுவாள், பேசினால் அதைவிடப் பயப்படுவாள். தூக்கத்தில் என் கை பட்டுவிட்டால் கட்டிலின் ஓரத்துக்கு ஒதுங்கிப்போய் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பாள். இந்தப் பெண்ணை எப்படித்தான் வளர்த்தார்களோ என்று அவள் வீட்டார்மேல் எனக்குக் கோபமாக வரும்.

பொழுதுபோகட்டும் என்று நானே பக்கத்தில் உட்காரவைத்து விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பொத்தான அமுக்காம அவன் வரவே மாட்டானா?" என்று கேட்டாள்.

"வரமாட்டான்."

"எம்புட்டு நேரம் ஆனாலும்?"

"எம்புட்டு நேரம் ஆனாலும் அங்கனயேதான் நிப்பான்."

சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் பல் தெரியச் சிரித்தது அன்றைக்குத்தான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பிறகுதான் கவனித்தேன். நான் கடைக்குக் கிளம்பியதும் அதைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். தன் ஆட்களை எல்லாம் கோட்டைக்குள் அழைத்துக்கொள்வாள். எலும்புப் படை கோட்டை வாசலில் வந்து நிற்கும். அவள் பொத்தானை அமுக்கமாட்டாள். ஒரு நாள் மதியம் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்துவந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாத திரையைப் பார்த்தபடி இருந்தாள். முகத்தில் அப்படியொரு நிம்மதி. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஆட்டத்தை ஆடாமலே ஒருத்தி இவ்வளவு ரசிக்கிறாள் என்றால் என்னவென்று சொல்வது. "அமுக்கு, ராணி" என்று ஜன்னலிலிருந்து மெதுவாகத்தான் சொன்னேன். நாற்காலியோடு சாய்ந்து விழுந்தாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இவளை நாம்தான் வளர்த்துவிட வேண்டும் என்று. புருஷன் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

சின்னதிலிருந்து ஆரம்பித்தேன். புது பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய், போனையும் பர்ஸையும் நான் வாங்கி வைத்துக்கொண்டு, டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன். யாரிடமாவது தைரியமாகப் பேசி உதவி கேட்டு வீட்டுக்கு வந்து சேர வேண்டும் என்பது கணக்கு. ரொம்ப நேரம் சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? விறுவிறுவென்று நடந்து, பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் ஒன்று ஆழ்வார்திருநகரி வழியாகப் போகுமா என்று படியில் ஏறி நின்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போய்க் கையைப் பிடித்து இறக்கினேன். அது தோல்விதான், ஏனென்றால் வீடு இந்தப் பக்கம் இருக்கிறது.

அடுத்தது பாம்பு. தச்சநல்லூர் வயலில் பிடித்து ஓர் ஆள் சாக்கில் போட்டுக் கொடுத்தான். சாரைப் பாம்பு, சார், விஷம் கிடையாது. விஷப் பாம்பை விட நான் என்ன கிறுக்கனா? அவள் குளிக்கும் முன்பு குளியலறையில் விட்டுவிட்டு, அவள் உள்ளே போனதும் வெளியே கொக்கி போட்டேன். கதவைத் தட்டினாள், கூப்பிட்டாள். "என்னங்க, தொறங்க, பாம்பு கெடக்கு" என்று கத்தினாள். என் கை கொக்கியில்தான் இருந்தது. திறந்துவிடலாம் என்று நினைத்தேன், திறந்தால் கடைசி அடி என்னுடையதாகிவிடும் என்று பொறுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுபோனது. திறந்து பார்த்தால், பெரிய பக்கெட்டைக் கவிழ்த்துப் பாம்பை அதற்குள் அடைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. "பாத்தியா, நீயே சமாளிச்சிட்டியே" என்றேன். அவள் பாம்புமேல் நிதானமாகத்தான் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்த பிறகுதான் நடுங்க ஆரம்பித்தாள். அதிர்ச்சி தாமதமாக வரும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துவிட்டாள். நான் சொன்னதைச் சொன்னபடி செய்வாள். உட்கார் என்றால் உட்காருவாள், போ என்றால் போவாள். விளையாட்டையும் திறப்பதில்லை. ஒரு நிலை ஏறுவதற்கு முன்னால் ஆட்கள் அப்படித்தான் கடைசிச் சொட்டு உயிரோடு நிற்பார்கள். இன்னும் ஒரே ஒரு பெரிய சண்டை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சந்தில் ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருக்கிறது, ஆற்றில் யாரும் இறங்க வேண்டாம் என்று. அவள் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். மிக்ஸி சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

சேரன்மகாதேவிக்கு முன்னால், நடு ஆற்றில் ஒரு பழைய கல்மண்டபம் இருக்கும் துறை. நீங்களும் நேற்று போய்ப் பார்த்தீர்கள். நாங்கள் போனபோது இந்தக் கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில் கணுக்காலளவு தண்ணீர்தான். மண்டபத்துக்கு அந்தப் பக்கம்தான் ஆழம், ஆறு முழுவதும் அங்கேதான் ஓடுகிறது. "மண்டபத்துல போயி நில்லு, போட்டோ எடுக்கேன்" என்றேன். போனாள். நான் கரையில் நின்றேன். பைக் பெட்டியில் கயிறு கொண்டுபோயிருந்தேன், அதையும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். கொல்ல நினைக்கிறவன் கயிறு கொண்டுபோவானா?

முதலில் சத்தம்தான் வந்தது. லாரி வருகிறதோ என்று அவள் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் தண்ணீரின் நிறம் மாறியது. தென்னை மட்டை, வேரோடு செடி, யாருடைய செருப்போ, எல்லாம் மிதந்து வந்தன. அவள் நின்ற கல்லின் விளிம்பைத் தண்ணீர் தொட்டது. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு பயம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை.

"என்னங்க, தண்ணி ஏறுது."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். நீயா எறங்கி வா, ராணி."

"கயித்தப் போடுங்க."

"மொதல்ல ஒரு எட்டு நீயா எடுத்து வையி. அப்புறம் போடுதேன்."

அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இசக்கியம்மா என்கிற பெண் உங்களிடம் சொன்னது சரிதான். கயிறு என் கையில் இருந்தது, எறிந்தால் எட்டும் தூரம்தான். "ஏ அய்யா, கயித்த வீசும்" என்று அந்த அம்மாள் கத்தியதும் காதில் விழுந்தது. முத்துராணி தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள், முழங்கால்வரை வந்துவிட்டது. வாய்விட்டு அழுதாள். நான் கையைக் கட்டிக்கொண்டேன். ஒரே ஓர் எட்டு வைத்தால் போதும், வாழ்நாள் முழுக்க அவளுக்குப் பயமே இருக்காது. அந்த நேரத்தில் கயிற்றை எறிந்து எல்லாவற்றையும் பாழாக்க எனக்கு மனம் வரவில்லை.

திடீரென்று அழுகையை நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள், சார், கல்யாணத்துக்குப் பிறகு அப்படி நேருக்கு நேராக அவள் என்னைப் பார்த்ததே இல்லை. நடுக்கம் நின்றிருந்தது. துப்பட்டாவை உருவி இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். முடியைச் சுருட்டிக் கொண்டை போட்டாள். அடுத்த நிலைக்கு ஏறிவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கயிற்றை எறியத் தயாராகக் கையில் சுற்றிக்கொண்டேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அந்தப் பக்கத்துத் தண்ணீரில் குதித்தாள்.

நீந்தினாள். நன்றாகவே நீந்தினாள். அவளுக்கு நீச்சல் தெரியும் என்று என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. பாதி ஆற்றுக்கு மேல் போய்விட்டாள். இசக்கியம்மா சேலையை அவிழ்த்து முனையை வீசிக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒரு மரம் உருண்டு வந்தது. மறுநாள் சாயங்காலம்தான் கீழே, தண்ணீரில் மண்டிக்கிடந்த அமலைச்செடிக்குள்ளிருந்து அவளை எடுத்தார்கள். அக்கரை ஓரத்தில்.

கண்ணீர் அஞ்சலி பேனரை நானேதான் செய்தேன், வேறு யாரையும் தொடவிடவில்லை. எங்கள் வீட்டில் எடுத்த படம் எதிலும் முகம் சரியாக இல்லை. அவள் அண்ணன் சுடலைராஜ் பழைய படம் ஒன்று அனுப்பினான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புல்லட் வண்டியில் உட்கார்ந்து சிரிக்கிறாள். எனக்கு அடையாளமே தெரியவில்லை. துஷ்டி வீட்டில் அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "எங்க ராணி எதுக்கும் பயந்தவ இல்லயே மாப்ளே. சின்னதுலயே ஆத்த அக்கரைக்கும் இக்கரைக்கும் நீந்துவா. வீட்டுக்குள்ள பாம்பு வந்தா நாங்க அவளத்தான கூப்பிடுவோம்." செத்தவர்களைப் பற்றி எல்லோரும் பெருமையாகத்தான் பேசுவார்கள்.

ஆமாம், தண்ணீர் வரும் என்று தெரிந்துதான் அனுப்பினேன். கயிற்றை எறிந்திருந்தால் பிடித்திருப்பாள், எறியவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நீங்கள் கேட்ட இன்னொன்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரும் கயிறும் இருக்கும்போது, நீச்சல் தெரிந்தவள் ஏன் ஆழத்தில் குதித்து அக்கரைக்குப் போனாள் என்கிறீர்கள். நானும் லாக்கப்பில் உட்கார்ந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன், சார். இந்தக் கரையில் நான்தானே நின்றேன், பயப்பட என்ன இருக்கிறது?