பந்தி முறைப்படி பிராந்தி பரிமாறியது சம்பந்தமாக

என் பெயர் மாரிக்கண்ணு. வயது சுமார் 36. தகப்பனார் முத்தையன், காலமாகிவிட்டார். வரிச்சிக்குடி மாரியம்மன் கோயில் தெருவில் மனைவி அல்லியுடன் குடியிருந்து வருகிறேன். என் பேரில் நெடுங்காடு மிராசுதார் தெட்சிணாமூர்த்தி கொடுத்த புகார் சம்பந்தமாக விசாரித்ததில், 1978 அக்டோபர் மாதம் இன்று நான் சொல்வதாவது:

வயல் வேலையும், கல்யாண மாதங்களில் பந்தி பரிமாறும் வேலையும் பார்த்து வந்தேன். போன ஆவணியில் ஒரு கல்யாணத்தில், காரைக்காலில் பார் நடத்தும் தியாகராசன் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அவர் பட்டு அங்கவஸ்திரத்தில் ஒரு சொட்டுப் படாமல் நான் ரசம் ஊற்றியதைப் பார்த்து, "நம்ம கடைக்கு வர்றியா?" என்று கேட்டார். "ஐயா, நான் பிராந்திய மோந்துகூடப் பாத்ததில்லீங்க" என்றேன். "அப்படி ஒரு ஆளைத்தாம்ப்பா தேடிக்கிட்டிருக்கேன்" என்றார்.

அதன் பிறகு வேலையில் சேர்ந்தேன். முதல் நாள் நான் திறந்த பீர் பாட்டில் பொங்கிச் சுவரில் இருந்த முருகன் காலண்டரை நனைத்துவிட்டது. பால் பொங்கினால் நல்லதுதானே என்று வாய்தவறிச் சொன்னேன், கடையே சிரித்தது. அதன் பிறகு கிளாசைச் சாய்த்து ஊற்றவும், ஐஸ் உடைக்கவும், யாருக்குச் சோடா யாருக்குத் தண்ணீர் என்று முகத்தைப் பார்த்தே சொல்லவும் பழகினேன். ஆங்கிலம் தெரியாததால் பாட்டில்களை மூடியையும் நிறத்தையும் வைத்து அடையாளம் பார்த்தேன். "மாரி, நீ ஊத்துனாத்தான்யா எறங்குது" என்று வாடிக்கைக்காரர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். இத்தனை வருடம் நாற்று நட்டிருக்கிறேன், நன்றாக நட்டாய் என்று ஒருவரும் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எது போனாலும் இந்த வேலை மட்டும் போகக்கூடாது என்று அய்யனாருக்கு வேண்டிக்கொண்டேன்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் முதலாளி லைசென்ஸ் விஷயமாகப் புதுச்சேரி போனார். கடையை முதல்முறையாக என்னிடம் விட்டார். மேசைகள் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தது என் கண்ணுக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே வரிசையாக இழுத்துப்போட்டு, நாற்காலிகளை ஒரே பக்கம் பார்க்க வைத்தேன். வந்தவர்களை ஓரத்திலிருந்து வரிசையாக உட்கார வைத்தேன். கேலி செய்தார்கள், ஆனாலும் உட்கார்ந்தார்கள்.

அதன் பிறகு தருமபுரம் சோமு வந்து பீர் கேட்டார். அவருக்குப் பின்னாலேயே, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தெட்சிணாமூர்த்தி வந்தார். இவர் சோமுவின் அக்காள் வடிவாம்பாளின் புருஷன். இவர் வீட்டுக் காதுகுத்தில், தாய்மாமனான சோமுவை இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இது எனக்கும் தெரியும். ஆனால் சோமுவுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. நடுவில் காலி விட்டுப் பரிமாறி எனக்குப் பழக்கமில்லாததால், மிராசுதாரை அங்கேயே உட்கார வைத்தேன்.

"எனக்குப் பழக்கமில்ல, ஏதாச்சும் கொஞ்சம் குடு" என்றார். பெரிய மனுசருக்கு ஒசத்தியாகக் கொடுக்க வேண்டும் என்று, வாசல் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் தங்கக் கலர் லேபிளோடு இருந்த பாட்டிலை எடுத்து ஊற்றினேன். கிளாஸ் காலியாகக் காலியாக, கேட்காமலே ஊற்றினேன். கையைக் குறுக்கே வைத்து மறைத்தார். "இன்னுங் கொஞ்சம் வாங்கிக்குங்க" என்று விரலிடுக்கில் ஊற்றினேன். எழுந்திருக்கப் பார்த்தார். "பக்கத்துல இன்னும் முடிக்கலீங்க, பந்தியில பாதியில எந்திரிக்கக்கூடாதுங்க" என்றேன். முறை தெரிந்த மனுசர், உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு சோமு, "இங்கயாச்சும் என்னைய மொதப் பந்தியில உக்கார வச்சாங்க அத்தான்" என்றார். உடனே தெட்சிணாமூர்த்தி குலுங்கிக் குலுங்கி அழுதார். தன் மகள் மங்கையர்க்கரசி சோமு மகனைத்தான் கட்டுவேன் என்று சரியாகச் சாப்பிடாமல் கிடப்பதாகவும், அதைப் பார்க்க முடியாமல்தான் இங்கே வந்ததாகவும் சொன்னார். "தப்பு எம்பேர்லதாண்டா. பொண்ணு ஒன் வீட்டுக்குத்தான். தையில வச்சுக்குவோம்" என்றார். எதிர் பெட்டிக்கடையில் வெற்றிலை பாக்கு வாங்கி, பீர் தட்டிலேயே வைத்துக் கொடுத்தேன். இருவரும் மாற்றிக்கொண்டார்கள். வரிசையே கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது.

மறுநாளாகிய இன்று முதலாளி திரும்பி வந்து அலமாரியைப் பார்த்தவுடன் தலையில் கை வைத்தார். அந்தப் பாட்டில் அழகுக்கு வைத்ததாம். காலி பாட்டிலில் பிராந்தி நிறம் தெரிவதற்காக, ஆயுதபூஜைக்குப் புதிதாக டீத்தண்ணி காய்ச்சி ஊற்றியிருந்தாராம். "பிராந்தின்னு டீயக் குடுத்தேன்னு தெரிஞ்சா கடை பேரு என்னாவும்? இனிமே இந்தப் பக்கம் வராத" என்றார். அதே நேரத்தில் போலீசார் வந்து, நான் கிளாசில் மயக்க மருந்து கலந்து வாக்கு வாங்கியதாகப் புகார் என்று சொல்லி என்னை ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள், முதலாளியும் கூடவே வந்தார். புருஷன் கடைக்குப் போனது வடிவாம்பாளுக்குத் தெரிந்து வீட்டில் ரகளையாகி, பழியை மிராசுதார் என்மேல் போட்டதாக இங்கே வந்துதான் அறிந்தேன்.

மருந்து கலந்தாயா என்று கேட்டதற்கு, இல்லை. பிராந்தியும் கலக்கவில்லை. கொடுத்தது வெறும் டீத்தண்ணி. இதைச் சொன்னால் ஏமாற்றியதாகக் கேஸ் வரும், வேலையும் திரும்பக் கிடைக்காது என்று தெரியும். சொல்லாவிட்டால் குடிவெறியில் கொடுத்த வாக்கு என்று ஆகிவிடும், அந்தப் பெண் மறுபடி பட்டினி கிடக்கும். சாப்பாடு போட்டே வளர்ந்த கை என்னுடையது, அதற்கு மனம் வரவில்லை.

இதை நான் சொல்லும்போது எதிரில் இருந்த தெட்சிணாமூர்த்தி, "அப்ப நேத்து அழுவுனது?" என்று கேட்டார். "நீங்களாத்தாங்க அழுவுனீங்க" என்றேன். மிராசுதார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதன் பிறகு சிரித்தார், இதை எழுதிக்கொண்டிருந்த ஏட்டையாவும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்பச் சொன்னதும் நாந்தான். தையில கல்யாணம்" என்று மிராசுதார் புகாரைத் திரும்பக் கேட்டு வாங்கினார். அதன் பிறகு என் முதலாளியைப் பார்த்து, "டீத்தண்ணியிலயே என்னைய இந்தப் பாடு படுத்திட்டான். இவன் நெஜமாவே ஊத்துனா எப்படி இருக்கும்னு பாக்கணும்ய்யா. வேலையிலேருந்து நிறுத்திப்புடாத" என்றார்.

ஏட்டையா வாசித்துக் காட்டக் கேட்டேன். சொன்னது சொன்னபடி இருக்கிறது, எல்லாம் நடந்தது, பொய் கிடையாது. கடை திறக்க நேரமாகிவிட்டது என்று வாசலில் முதலாளி கூப்பிடுவதால், கையெழுத்துப் போட்டுவிட்டுப் புறப்படுகிறேன்.

(ஒப்பம்) மு. மாரிக்கண்ணு