இருபத்து நாலு ரூபாய் வரட்டும்

காலையில் சூளகிரியிலிருந்து ஓசூர் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது சார். எல்லாம் கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகள். இந்த வயதிலும் நான் நின்றுகொண்டேதான் போவேன். ஓசூரில் வெளிநாட்டுப் பணம் மாற்றுகிற கடை ஒன்று உண்டு. அன்றைய ரேட்டை வாசல் பலகையில் போடுவார்கள். செல்போனிலேயே பார்க்கலாமே என்கிறீர்கள். போனில் எவனோ காட்டுகிற நம்பரை நான் நம்புகிறவன் இல்லை.

கடையில் காவியா என்று ஒரு பெண். "என்ன தாத்தா, இன்னைக்கும் திர்ஹாமைக் கண்ணால பார்த்துட்டுப் போயிடுவியா?" என்பாள். சிரிக்கட்டும். அவளுக்கு என்ன போச்சு.

என் மகன் குருமூர்த்தி ஷார்ஜாவில் வெல்டர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னே வீடு கட்டப் பத்தாயிரம் திர்ஹாம் அனுப்பினான். அப்போது ஒரு திர்ஹாம் பதினாலே முக்கால் ரூபாய். கொஞ்ச நாளிலேயே பதினெட்டரை ஆகிவிட்டது. முப்பத்தேழாயிரத்துச் சொச்சம் போச்சு. எவன் எடுத்தான்? ஒருத்தனும் எடுக்கவில்லை, ஆனால் போச்சு. அதில் மாடியில் ஒரு ரூம் எடுத்திருக்கலாம். மாடிக்கு ஏறும்போதெல்லாம் அந்த இல்லாத ரூம் என் கண்ணுக்குத் தெரியும். இனிமேல் நான் சொல்கிற அன்றைக்குத்தான் பணம் அனுப்ப வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிவிட்டேன். நல்ல பிள்ளை, மீறினதில்லை.

தை மாதம் என் சம்சாரம் சரோஜம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெங்களூர் கூட்டிப்போய்க் காட்டினேன். இருதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது, மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் பண்ணியாக வேண்டும், நாலு லட்சம் ஆகும் என்றார் டாக்டர். மகன் அன்றைக்கே போன் பண்ணினான்.

"நைனா, கையில பதினெட்டாயிரம் திர்ஹாம் இருக்குது. இப்பவே போட்டுடட்டா?"

பலகையில் அன்று இருபத்து மூன்று ரூபாய் தொண்ணூறு பைசா. ஏறிக்கொண்டே வந்த ரேட். இன்னும் பத்து பைசா ஏறினால் இருபத்து நாலு.

"இருடா, இருபத்து நாலு வரட்டும்."

"அம்மாவுக்கு?"

"டாக்டரு ஒண்ணும் அவசரமில்லைன்னுட்டாரு."

ஆமாம், அது பொய்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ரேட் இறங்க ஆரம்பித்தது. சித்திரையில் இருபத்து மூன்றுக்கும் கீழே போய்விட்டது. தொண்ணூறு பைசாவைக் கண்ணால் பார்த்தவன் அந்த ரேட்டுக்கு எப்படிச் சார் வாங்குவான்? பதினாறாயிரம் நஷ்டம். காத்திருந்தேன்.

சரோஜம்மாளுக்குக் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும், சுவரில் சாய்ந்துகொண்டுதான் தூங்குவாள்.

"ஏங்க, குரு இன்னும் அனுப்பலியா?"

"அவனுக்கு அங்க சம்பளமே போடலியாம்."

"பாவம், வயித்துக்கு என்ன பண்றானோ. என் கம்மலையாச்சும் வித்துடுங்க."

"தங்கம் ஏறிக்கிட்டே இருக்குது. இப்ப விக்கிறவன் பைத்தியக்காரன்."

"நான் செத்தாலும் ரேட்டு பார்த்துட்டுத்தான் எடுப்பீங்க போல" என்றாள். அவளுக்கு எப்போதும் வாய் ஜாஸ்தி.

மகனோடு பேச வேண்டும் என்பாள். மூச்சு வாங்கும், பேசாதே என்று போனை நானே வைத்துக்கொள்வேன். ரெண்டு பேரும் பேசினால் வீண் குழப்பம்.

ஆடியில் ரேட் திரும்பவும் ஏறியது. காலையில் எழுந்ததும் அவள் மூச்சைப் பார்ப்பேன், அப்புறம் பஸ் ஏறிப் பலகையைப் பார்ப்பேன். நாலு பைசா, மூன்று பைசா என்று நெருங்கி வந்துகொண்டிருந்தது. அந்த நாளெல்லாம் எனக்கும் சோறு இறங்கவில்லை சார்.

ஆவணியில் ஒரு நாள் விடிந்து பார்த்தால் அவள் சாய்ந்தபடியே இருக்கிறாள். கையைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. படுக்கவைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு மாதேஸ்வரி, "பெரிம்மா எழுந்தாச்சா?" என்று வாசலில் நின்றாள். "ராத்திரி பூரா இருமினா, தூங்கட்டும்" என்று சொல்லி வெளிக்கதவைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

பலகையில் இருபத்து நாலு ரூபாய் ஐந்து பைசா.

கடை வாசலிலிருந்தே மகனைக் கூப்பிட்டேன். "இப்ப போடுடா. ஆபரேஷன் வெச்சுக்கலாம்."

"சரி நைனா. அம்மாகிட்ட குடு, ஒரு வார்த்தை பேசிடறேன்."

"தூங்குறா."

பேங்கில் போய் உட்கார்ந்தேன். பணம் ஏறிவிட்டது என்று அவர்கள் வாயால் சொன்னபிறகுதான் மகனுக்குச் சாவைச் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அவன் எதற்குச் சார் அனுப்பப் போகிறான்?

நைனாதான் அம்மாவைக் கொன்றுவிட்டார் என்று இப்போது உங்களிடம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறான். தையிலேயே வாங்கியிருந்தால் ரெண்டாயிரத்து எழுநூறு ரூபாய் குறைந்திருக்கும். அந்தப் பணம் அவனுக்குத்தான், நான் ஒரு பைசா தொடவில்லை. டாக்டர் சொன்னதை மறைத்தேன், அவளிடமும் பொய் சொன்னேன், பிணத்தை வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். எல்லாம் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். ஏழு மாதம் பொறுத்தவள், இன்னும் ஒரே ஒரு பகல் பொறுத்திருக்கலாம். அவள்தான் சார் அவசரப்பட்டுவிட்டாள்.