சுவருக்குள் நுழைந்து போன நாற்காலி

எல்லாம் வல்ல இறைவனை முதலில் வணங்கி, அவனுக்கு அடுத்த உயரத்தில் அமர்ந்திருக்கும் அவைத்தலைவர் அவர்களே! கணினியில் கை வைத்தால் மாளிகை எழுப்பும் கட்டட வடிவமைப்பு நிறுவனத்தின் தலைவர் ஐயா அவர்களே! கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்தே கனிவு காட்டக் கற்ற இளம் வடிவமைப்பாளர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும், அடுப்பை அணைத்தோமா என்ற கவலையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நிறுவனத்தின் இந்தப் புதிய அலுவலகத் திறப்பு விழாவில், மனநிறைவு பெற்ற வாடிக்கையாளர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் மனநிறைவு பெற்ற செய்தி, அழைப்பிதழைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

நான் வீட்டைக் கவனிக்கிறவள். பெற்ற நன்மையை உடனே வரவு வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே இந்த நிறுவனம் எங்களுக்குச் செய்த நன்மைகளை இங்கேயே வரவு வைத்துவிடுகிறேன். குறுக்கிடாமல் கேட்க வேண்டும்.

அதோ, மேடைக்குக் கீழே, முதல் வரிசைக்கும் முன்னால், சக்கர நாற்காலியில் இருப்பவர் என் வீட்டுக்காரர். பேருந்து ஓட்டுநராக இருந்தவர். ஊரையே ஏற்றிச் சென்றவரின் கால்களை நோய் இறக்கிவிட்டது. அவரை ஏன் மேலே அழைக்கவில்லை என்று ஒரு அம்மா கேட்கிறார். அழைத்தார்கள் தாயே, அன்போடு அழைத்தார்கள். மேடைக்குப் படிகள் இருக்கின்றன. அழைப்பு ஏறியது, அவர் ஏறவில்லை.

பழைய வீட்டை இடித்துக் கட்ட முடிவானபோது பிள்ளைகள் பால்கனி கேட்டார்கள். நான் பூசைக்கு ஒரு மூலை கேட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "குளியலறைக்கு நானே போகணும். கதவ நானே சாத்திக்கணும்." அவ்வளவுதான். மாடி கேட்டாரா? மாடம் கேட்டாரா? ஒரு கதவை, உள்ளேயிருந்து சாத்தும் உரிமையைக் கேட்டார்.

அதற்காகத்தான் பெயர்பெற்ற இந்த நிறுவனத்துக்கு வந்தோம். வரவேற்பா அது? பெரிய திரையில் எங்கள் வீடு, பிறப்பதற்கு முன்பே வாழ்ந்துகொண்டிருந்தது! சன்னல் திரை காற்றில் அசைந்தது. மேசையில் இருந்த பழம் வாடவே இல்லை. திண்டில் ஒரு பூனை படுத்திருந்தது. நாங்கள் பூனை வளர்ப்பதில்லை; வீட்டோடு சேர்த்துக் கொடுப்பார்கள் போலும் என்று இருந்துவிட்டேன். எல்லாம் இருந்தது. இவர் மட்டும் இல்லை.

கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் வடிவமைப்பாளர் தம்பி, எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியையும் அதில் சிரித்த முகமாய் ஒருவரையும் கொண்டுவந்து, படுக்கையறையில் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். தொட்டியைப் போலவே அவரும் அழகாக இருந்தார்.

"தம்பி, இவரு இங்கேருந்து குளியலறைக்குப் போயிடுவாரா?" என்றேன்.

"தாராளமா போவாரும்மா. இதோ பாருங்க" என்று மவுஸைப் பிடித்து இழுத்தார். ஐயோ, அந்தக் காட்சியை என்னவென்று சொல்வேன்! நாற்காலி புறப்பட்டது. அலமாரிக்குள் புகுந்தது. சுவருக்குள் மறைந்தது. மறுபக்கம் குளியலறையில் குழாயடியில் போய் நின்றது. அதிலிருந்தவர் சிரிப்பு மாறவே இல்லை. "போயிட்டாரு பாருங்கம்மா" என்றார் தம்பி.

என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார், "தம்பி, பஸ்ஸையே நான் இப்படி ஓட்டினதில்ல. ஓட்டியிருந்தா உள்ள வச்சிருப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தப் படத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வந்தோம். அது முதல் நன்மை.

இரண்டாவது நன்மை, பூமிக்குச் செய்தது. குளித்த நீர் வீணாகலாமா? கூடாது. அது நாணல் பாத்திக்கு ஓடி, தெளிந்து, செடிக்குப் போக வேண்டும். உயர்ந்த எண்ணம்! கடவுள் கொடுத்த நீரைக் காப்பது கோயிலுக்கு விளக்கேற்றுவது போல என்று நம்புகிறவள் நான். ஆனால் நீர் ஓட வேண்டுமானால் குழாய் சரிய வேண்டும். குழாய் சரிய வேண்டுமானால் குளியலறைத் தரை உயர வேண்டும். உயர்ந்தது! வீடு முழுவதும் ஒரே சமதளம், குளியலறை வாசலில் மட்டும் ஒரு சாண் படி. சாய்தளம் வைக்கலாமென்றால், நடை குறுகல், நாற்காலி திரும்பாது. தண்ணீர் உள்ளேயிருந்து தாராளமாக வெளியே போகிறது. மனிதர்தான் வெளியேயிருந்து உள்ளே போக முடியவில்லை.

மூன்றாவது, வாடிக்கையாளர் சேவை. அதைச் சொல்லாவிட்டால் நாக்கு நன்றி கெட்டதாகிவிடும். படியைப் பற்றிச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தேன். தேன் தடவிய குரலில் ஒரு பெண் பேசினாள். அங்கே புகார் என்ற சொல்லே இல்லை. அனுபவம் என்றுதான் சொல்ல வேண்டுமாம்.

"உங்க அனுபவத்தப் பதிவு பண்ணிட்டோம்மா. வேற ஏதாவது உதவி வேணுமா?"

"முதல் உதவியே இன்னும் வரலியேம்மா" என்றேன். அதையும் பதிவு செய்துகொண்டாள். எத்தனை நட்சத்திரம் தருகிறீர்கள் என்று ஒரு செய்தி வந்தது. தவறிப் போய் எங்கோ விரல் பட்டுவிட்டது. அன்றுதான் எனக்கு மனநிறைவு ஏற்பட்டிருக்க வேண்டும்.

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

இன்று அவரை நானோ என் மகனோ தூக்கித்தான் உள்ளே விடுகிறோம். மகன் வேலைக்குப் போய்விட்டால் நான் மட்டும். என் இடுப்பு வலிப்பது அவருக்குத் தெரியும். அதனால் என்ன செய்கிறார் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். கேட்டால், தாகமில்லை என்கிறார். கொளுத்தும் வெயிலிலும் தாகமில்லை! உதடு வெடித்தும் தாகமில்லை! இந்த நிறுவனம் தன் பசுமைச் சாதனைகளை அச்சிட்டுக் கொடுக்கும் புத்தகத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. உலகத்தில் எவன் செய்தான் இந்த நீர் சேமிப்பை? நீங்கள் குளித்த நீரைச் சேமித்தீர்கள். என் கணவர் குடிக்காத நீரைச் சேமிக்கிறார்!

தலைவர் ஐயா, எங்கள் வீட்டில் செய்த அதே நீர் சேமிப்பு முறையை இந்த அலுவலகத்திலும் செய்திருப்பதாகச் சற்றுமுன் பெருமையோடு சொன்னீர்கள். வாசலில் ஒரு சக்கர நாற்காலி, பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் நிற்கிறது. கொஞ்சம் படியிறங்கி வாருங்கள். அதில் உட்காருங்கள். இடப்பக்கம் குளியலறைக் கதவு தெரிகிறதே, அதுவரை போய் வாருங்கள். காலை மட்டும் தரையில் ஊன்றாதீர்கள். என் உரையில் மீதியுள்ளதை நீங்களே பேசிவிடுவீர்கள்.

பின்வரிசைக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன்: ஐயா எழுந்துவிட்டார். இறங்குகிறார். உட்கார்ந்துவிட்டார். கையால் சக்கரத்தைத் தள்ளுகிறார். கோட்டுக் கை சக்கரத்தில் மாட்டுகிறது. குளியலறை வாசலுக்குப் போய்விட்டார். படியில் முட்டி நின்றது நாற்காலி. மறுபடி தள்ளுகிறார். மறுபடி முட்டுகிறது.

என் வீட்டுக்காரர் ஏதோ கேட்கிறார், இருங்கள். "சார், மவுஸ் கொண்டாரச் சொல்லட்டுமா?" என்கிறார்.

போதும், சிரிக்காதீர்கள். நீங்கள் சிரித்தால் வெட்கப்பட்டு ஐயா எழுந்துவிடுவார். அவரால் எழ முடியும். அதுதான் வேறுபாடு.

ஐயா பேசுகிறார். அவர் கையில் ஒலிவாங்கி இல்லாததால் நான் திருப்பிச் சொல்கிறேன். "குழாய வெளிச்சுவர் வழியா கொண்டு போயிருக்கலாம்மா. தரைய ஒசத்தியிருக்கவே வேணாம். நான் உக்காந்து பாக்கல." இன்னொரு முறை சொல்கிறேன், எல்லோரும் கேளுங்கள்: உட்கார்ந்து பார்க்கவில்லை என்கிறார். இந்த விழாவின் சிறப்புரை இதுதான். நாளைக்கே ஆள் அனுப்புகிறாராம்.

ஆள் வேண்டாம் ஐயா. நீங்கள் வாருங்கள். அந்த நாற்காலியோடு வாருங்கள். திரையில் வேண்டாம், எங்கள் நடையில், எங்கள் சுவரோரமாக, ஒருமுறை உருண்டு பாருங்கள். பிறகு வரையுங்கள். பிறகு உடையுங்கள்.

பேசுகிறவருக்கென்று மேசையில் தண்ணீர் வைத்திருக்கிறீர்கள். நன்றி, நான் தொடவில்லை. என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தாலும் வாங்கமாட்டார். ஆனால் எங்கள் வீட்டுப் படி உடைந்து, அவர் தானாக உள்ளே சென்று, தாழ்ப்பாள் விழும் சத்தம் என் காதில் கேட்கும் நாளில், என் கையால் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொடுப்பேன். அவர் கடைசிச் சொட்டு வரை குடிப்பதை இந்த அவை முழுவதும் வந்து பார்க்க வேண்டும். அதுவரை என் நட்சத்திரங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், இறங்கி வந்த தலைவருக்கும் கைகூப்பி விடைபெறுகிறேன். வணக்கம்.