மணமாகாத பிள்ளை, ஒன்று

வருமான வரிப் படிவத்தை நான் ஒருபோதும் கடைசி நாள் வரை வைத்திருந்ததில்லை. பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு நான்தான் நிரப்பிக் கொடுக்கிறேன். ஒரு தேநீர்கூட வாங்கியதில்லை. அதனால் நூருல், வரி அதிகாரியாக நீங்கள் கேட்பதற்குப் பதில் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

எனக்கும் என் மனைவி ஞானாம்பிகைக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவனிடமே கூடுதல் வரி பிடிப்பது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற வேலை. யாழ்ப்பாணத்தில் என் தம்பி குகதாசனுக்கு ஒரு மகள், துஷ்யந்தி. அவனுக்குப் பிள்ளை, எனக்கு வரி. அவளை நான் தத்தெடுத்ததாகப் பத்திரம் அனுப்பினேன். "அண்ணை சொன்னால் எதிலயும் கையெழுத்து வைப்பன்" என்று வாசிக்காமலே வைத்தான். பிள்ளை அங்கேயே வளர்ந்தாள். பெயர் மட்டும் என் படிவத்துக்கு வந்தது.

பிள்ளைக்கான வரிச் சலுகை பதினெட்டு வயதில் நின்றுவிடும். நோயாளிப் பிள்ளை என்றால் வயதுக் கணக்கு இல்லை, மணமாகாமல் இருந்தால் போதும். பட்டர்வொர்த்தில் தெரிந்த டாக்டர் ஒருவர் வலிப்பு என்று எழுதித் தந்தார். சிகிச்சைக்கு அத்தாட்சி வேண்டுமே. மாதாமாதம் அவள் பெயரில் மாத்திரை வாங்கினேன். காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. நரம்புக்குச் சத்து என்று சொல்லி அவளுக்கே அனுப்பினேன். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிறவன் இல்லை நான். தபால் செலவு என் கைக்காசு. பதினோரு வருடம் ஒரு நாள் தவறாமல் போட்டாள். நல்ல பிள்ளை.

வரன்கள் வந்தன. பினாங்குப் பெரியப்பாவை விசாரிக்காமல் யாரும் சம்பந்தம் பேச மாட்டார்கள். மூன்று வீட்டாரிடமும் வலிப்பு என்றே சொன்னேன். அரசாங்கத்துக்கு ஒன்று, சம்பந்தக்காரருக்கு ஒன்று என்று பேசும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அவர்கள் காரணம் சொல்லாமல் நகர்ந்துகொண்டார்கள்.

நான்காவது வீட்டாரிடமும் அதையே சொன்னேன். அவர்கள் அதை அவளிடமே சொல்லிவிட்டார்கள். அவள் எனக்குப் போன் செய்தாள்.

"பெரியப்பா, எனக்கு எப்ப வலிப்பு வந்தது? நரம்புக்குச் சத்தெண்டு அனுப்பினது அதுக்குத்தானோ? நான் இனி அந்த மாத்திரை போடமாட்டன். அவையள் என்னைப் பாக்கட்டும், நான் சுகமாத்தானே இருக்கிறன்."

"உன் இஷ்டம்மா" என்றேன்.

பல வருடம் போட்ட மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நல்ல உடம்புக்கும் வலிப்பு வரும். பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. படிவம் நிரப்புகிறவன் அச்சடித்ததை வாசிக்காமல் இருப்பானா? அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் படிவத்தில் ‘மணமாகாத பிள்ளை’ என்ற கட்டத்தில் எழுத எனக்கு வேறு பெயர் இல்லை.

நான்காம் நாள், தன்னைக் காட்டவென்று மாப்பிள்ளை வீட்டுக்கே போயிருக்கிறாள். வாசலில் வலிப்பு வந்து விழுந்தாள். தலை படியில் அடித்தது. இன்னும் பேச்சு வரவில்லை என்று குகதாசன் போனில் அழுகிறான். எனக்கும் வருத்தம்தான். என் பிள்ளையல்லவா.

நோயே இல்லாத பெண்ணைப் பற்றி ஏன் பொய் எழுதினீர்கள் என்று கேட்டீர்கள். இப்போது போய்ப் பாருங்கள், அந்தப் படிவத்தில் உள்ளதெல்லாம் சரியாக இருக்கும். நான் பொய் எழுதவில்லை, நூருல். கொஞ்சம் முந்தி எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.