கீழே யாரும் இல்லை

எங்கள் அலுவலக ஜன்னலை நான்தான் துடைப்பேன். அது என் வேலை இல்லை. ஆனால் கட்டடம் எழும்பும் இடத்தில் கண்ணாடி அரை நாளில் சிமென்ட் தூசி பூத்துவிடும். வேறு யாருக்கும் அது உறுத்துவதில்லை. முதலில் ஈரத்துணி, பிறகு கசக்கிய செய்தித்தாள். அம்மா சொல்லிக்கொடுத்த முறை. விசாரணையில் ஜன்னலைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. திரையைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள்.

திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளியே எழும் கட்டடத்துக்கு அச்சு அசலாக இன்னொரு கட்டடம் கணினிக்குள் இருக்கிறது. டிஜிட்டல் ட்வின் என்பார்கள். மேஸ்திரி அதை 'மேடம் வீட்டு டிவி' என்பார். வெளியே ஒரு தூண் எழுந்தால் உள்ளேயும் எழும். ஒவ்வொரு தொழிலாளியின் ஹெல்மெட்டிலும் ஒரு சில்லு உண்டு. அவர் போகுமிடமெல்லாம் திரையில் ஒரு புள்ளி போகும். புள்ளியை அழுத்தினால் அவருடைய படமும் பெயரும் செய்யும் வேலையும் வரும். கிரேன் சுமை இறக்கும் இடத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் அந்த இடம் சிவக்கும். இல்லாவிட்டால் பச்சை. முன்பு கீழே கொடி பிடித்து ஒருவர் நிற்பார். ட்வின் வந்ததும் அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கிரேன் அண்ணனுக்குச் சுவர் மறைக்கும், தரை தெரியாது. திரையைப் பார்த்து ரேடியோவில் 'கிளியர்' என்று சொல்வது என் வேலை. என் குரல் கேட்டால் இறக்குவார். அதை நம்பித்தான் இறக்குவார்.

அந்தப் புள்ளிகளில் ஒன்று என் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதை மேடையில் சொன்னால் கை தட்டுவார்கள். அந்தப் பட்டத்துக்காக மண் சுமந்தவள் அதே சைட்டில் சித்தாளாக வந்து நின்றால் யாரும் கை தட்டுவதில்லை, ஏற இறங்கப் பார்ப்பார்கள். அவளுடைய கான்ட்ராக்டர் ஆட்களை எங்கள் சைட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலமே அவளிடம் சொன்னேன்.

"அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா."

அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரி. மேடம்னு கூப்பிட்டா போதுமா, கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?"

அதன்பின் வீட்டில் அது ஒரு விளையாட்டானது. மேடம், வெங்காயம் நீங்க நறுக்குறீங்களா, நான் நறுக்கட்டுமா என்பாள். நான் சிரிப்பேன். அவளுக்கும் அது பிடித்திருந்தது என்றே எடுத்துக்கொண்டேன். காலையில் எனக்கு முந்தின பஸ்ஸில் போய்விடுவாள். அது அவளே செய்த ஏற்பாடு, நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கட்டடத்தில் பணம் போட்டவர்கள் அவ்வப்போது பார்க்க வருவார்கள். வெயிலில் இறங்க மாட்டார்கள். மேனேஜர் அவர்களை என் திரைமுன் உட்கார வைப்பார். அவர்கள் மீன்தொட்டியைத் தட்டுவதுபோல் புள்ளிகளைத் தட்டுவார்கள். ஒருநாள் ஒருவர் தட்டியதில் அம்மாவின் முகம் திரை முழுக்க வந்து நின்றது. அதே நெற்றி. அதே பல் இடைவெளி.

"என்னங்க, உங்க அக்காவா?" என்று என்னைப் பார்த்தார்.

"நம்ம மேடமுக்கு சித்தாள் அக்காவா? நல்லாருக்கே" என்றார் மேனேஜர்.

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்குக் கோபம் அதிகம், கூடப் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அன்று அந்தக் கோபத்தை அவர்கள்மேல் காட்டத் துணிச்சல் வரவில்லை. அவர்கள் போனபின் அம்மாவின் சில்லைப் 'பழுது' என்று குறித்தேன். பழுதான சில்லுக்குத் திரையில் புள்ளி கிடையாது. கிரேனுக்கு அது கணக்கிலும் வராது. சில்லு நன்றாகத்தான் இருந்தது.

ஆபத்தை யோசிக்காமல் செய்யவில்லை. அப்போது அவள் பின்பக்கம் மணல் சலித்துக்கொண்டிருந்தாள். கிரேன் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. நான் பொறுப்போடுதான் செய்தேன் என்று பலநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு ராத்திரி சாப்பிடும்போது அவள் சொன்னாள், மறுநாளிலிருந்து லிப்ட் குழியைச் சுத்தம் செய்யப் போட்டிருக்கிறார்களாம், நிழலாக இருக்குமாம். சந்தோஷமாகச் சொன்னாள். லிப்ட் குழி கிரேனுக்கு நேர் கீழே. காலையில் முதல் வேலையாகக் குறியை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். காலையில் போனால் பணம் போட்டவர்கள் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்காவா என்று கேட்டவரும் இருந்தார். அவர்கள் போனதும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கான்கிரீட் சுவர்ப் பலகை ஒன்று கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. கிரேன் அண்ணன் ரேடியோவில் கேட்டார். "மேடம், கீழ கிளியரா?"

திரை பச்சையாக இருந்தது. அதோடு நிறுத்திக்கொண்டால் நீங்கள் எழுதிய அறிக்கை சரிதான்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். குழியின் விளிம்பில் ஒரு காக்கிக் கோட்டு குனிந்திருந்தது. கல்லூரிப் பட்டறையில் நான் போட்ட கோட்டு. படிப்பு முடிந்ததும், சட்டை அழுக்காகாது என்று அம்மா எடுத்துக்கொண்டாள். கண்ணாடியை அன்று காலைதான் துடைத்திருந்தேன். ஆள் இருக்கிறது என்று சொன்னால் திரையில் ஏன் இல்லை என்று கேட்பார்கள். யார் அது என்று கேட்பார்கள். முகம் மறுபடியும் திரைக்கு வரும். பலகை கீழே வருவதற்குள் அவளே நகர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் எப்போதும் எனக்கு இடம்விட்டு நகர்ந்தே பழகியவள்.

"கிளியர்ண்ணா. கீழ யாரும் இல்ல" என்றேன்.

சத்தம் கேட்டு எல்லாரும் எழுந்து ஓடினார்கள். நான் வந்தவர்களை முந்தாமல், அவர்களுக்குப் பின்னால் படியிறங்கினேன்.

ஆஸ்பத்திரிக்கு நீங்கள் விசாரிக்க வந்தபோது நான் கம்பெனி கொடுத்தனுப்பிய பழப்பையோடு நின்றிருந்தேன். அம்மாவின் முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது. உங்கள் சில்லு பழுது என்று பதிவாகியிருக்கிறதே, யாரும் சொல்லவில்லையா என்று அவளிடம் கேட்டீர்கள். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. வாய்விட்டுக் கேட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"மேடம் அன்னைக்கே மாத்திக்கச் சொன்னாங்கய்யா. நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன். அவங்க மேல தப்பில்ல."

இவரை முன்பே தெரியுமா என்று என்னைக் கேட்டீர்கள். சைட்டில் பார்த்திருக்கிறேன் என்றேன். 'பணியாளரின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டீர்கள்.

இப்போது அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்தபடி வெங்காயம் நறுக்குகிறாள். மேடம், தண்ணி எடுத்துக் கொடுங்க என்கிறாள். இப்போது அவளும் சிரிப்பதில்லை, நானும் சிரிப்பதில்லை. வேறு பெயர் சொல்லி என்னைக் கூப்பிடுவதே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு அந்த ஓர் அறையில் இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். அறிக்கையைத் திருத்துங்கள். சில்லு பழுதாகவில்லை. அவளிடம் யாரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை. ஆள் இருப்பதைப் பார்த்தேன், யார் என்று தெரிந்தது, தெரிந்தே சொன்னேன். என்ன தண்டனையானாலும் ஏற்றுக்கொள்கிறேன். இனி எனக்கு வெட்கப்பட எதுவும் மிச்சமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை எங்கள் அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் வாசிப்பீர்கள் என்று தெரியும். அப்போது, அம்மா என்று வருகிற இடங்களில் மட்டும், 'அந்தப் பணியாளர்' என்று மாற்றி வாசித்துவிடுங்கள்.