வெட்டுப்படாத பாட்டு

சலவை நேரம் முடிந்த பிறகும் துணியை இயந்திரத்திலேயே விட்டுவிட்டுப் போகிறவர்களை எனக்குப் பிடிக்காது, தம்பி. எங்கள் கட்டடத்தில் எல்லாருக்கும் கீழே ஒரே சலவை அறை. சுவரில் இருக்கும் நேரப் பலகையில் அவரவர் பூட்டை மாட்டி நேரம் பிடிக்க வேண்டும். இல்வா மேல்மாடிக்குக் குடிவந்த வாரமே என் நேரத்தில் அவள் துணி சுற்றிக்கொண்டிருந்தது. சண்டை போடத்தான் நின்றேன். ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“குன்வோர் அக்கா, திட்டறதா இருந்தா திட்டிடுங்க. ஆனா ஒரு சிவப்புக் காலுறை எல்லாத்தையும் சாயம் ஏத்திடுச்சு. அதுக்கு நானே என்னை நல்லாத் திட்டி முடிச்சுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படித்தான் பழகினோம். இதை எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குள் பகை என்று எதுவும் இருந்ததில்லை.

அவள் பாட்டுக்காரி, அதுவும் தானே எழுதிப் பாடுகிறவள். எங்கள் ஊர் யேவ்லேயைத் தாண்டி அவள் பேர் தெரிந்தவர்கள் குறைவு. நான் ஓய்வு பெறும்வரை நூலகத்தில் இருந்தேன். புத்தகத்தை எடுத்துக் கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள், அதற்காகவே வேலைக்குப் போனவள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அந்த வெளிச்சம் இல்லை. அப்போதுதான் கணினி வாங்கினேன். பாட்டுகளைக் கணினி வழியாக ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கும் ஒரு வட்டத்தில் சேர்ந்தேன். முகம் தெரியாதவர்கள்தான், ஆனால் தங்கமானவர்கள். யாரும் யாரிடமும் காசு கேட்க மாட்டார்கள். வாங்க மட்டும் வாங்கி எதுவும் கொடுக்காதவனை அட்டை என்பார்கள், ரத்தம் உறிஞ்சும் அட்டை. என்னிடம் கொடுக்க எதுவுமில்லாத மாதங்களில் அந்தப் பேர் எனக்கு விழுந்தது. இந்த வயதில் அது சுடும், தம்பி.

இன்னொரு விதியும் உண்டு. கொடுக்கிற பாட்டு முழுசாக இருக்க வேண்டும். தொடக்கத்து மூச்சிலிருந்து கடைசி அமைதி வரைக்கும். நடுவில் வெட்டோ ஒட்டோ இருந்தால் குப்பை என்று திருப்பி எறிவார்கள். பாடகர் குரலைத் தவிர வேறு குரல் விழுந்திருந்தாலும் அப்படியே. எனக்கு அந்த விதி பிடித்திருந்தது. பக்கம் கிழிந்த புத்தகத்தை நானும் அலமாரியில் வைத்ததில்லை.

வட்டத்தைப் பற்றி இல்வாவிடம் எதையும் மறைக்கவில்லை. காபிக்கு வரும்போதெல்லாம் இதே வாக்குவாதம்தான்.

“நான் ஆயுசு பூரா இலவசமாத்தான் புத்தகம் குடுத்தேன். யாரும் என்னைத் திருடின்னு சொல்லலையே.”

“அக்கா, உங்க நூலகத்துல ஒரு புத்தகம் வெளிய போனா எழுதினவனுக்கு அரசாங்கம் சில்லறையாவது போடுது. உங்க வட்டத்துல எனக்கு என்ன போடுவாங்க? பூவா?”

“அன்பு போடுவாங்க.”

“அந்த அன்பை வீட்டுச் சொந்தக்காரன் வாடகைக்கு வாங்கிக்க மாட்டேங்கறானே.”

சொல்லிவிட்டு என் ஏலக்காய் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொள்வாள். “பாருங்க, நானும் பகிர்ந்துக்கறேன்.”

அவளுடைய புது ஆல்பம் பாதி முடிந்திருந்தபோது எனக்கு ஒரு குறுந்தட்டு கொடுத்தாள். பாட்டெல்லாம் இன்னும் மெருகேறாமல் இருந்தன. “கேட்டுட்டுச் சொல்லுங்க. உங்க வட்டத்துக்கு மட்டும் வேண்டாம், அக்கா” என்றாள். சரி என்றேன். ஒரு வாரம் காப்பாற்றினேன். ஆனால் கேட்கக் கேட்க, இதை நான் ஒருத்தி வைத்திருப்பது பாவம் என்று தோன்றிற்று. இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரியாமல் இருப்பது அவளுக்கு நல்லதா, சொல்லுங்கள்? கொடுத்தேன். அன்று யாரும் என்னை அட்டை என்று சொல்லவில்லை.

எல்லார் வீட்டிலும் இருப்பதை யார் வாங்குவார்கள் என்று ஆல்பத்தை வெளியிட இருந்தவர்கள் கைகழுவினார்கள். சலவை அறையில், ஈரப் போர்வையைப் பிடித்தபடி, இல்வா என்னைக் கேட்டாள்.

“அக்கா, நீங்க இல்லையே?”

“ஆர்விட்கிட்டயும் ஒரு தட்டு இருந்துதே” என்றேன்.

அது பொய் இல்லை. ஆர்விட்டிடமும் இருந்தது. அவளுக்கு டிரம் வாசிக்கிறவன். அவளோடு சேர்ந்து வாழ்ந்தவனும்கூட. அந்த மாதமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் வாசிப்பு எனக்கு எப்போதுமே கொஞ்சம் இரைச்சல்தான்.

பிறகு அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். மேடை ஏறவில்லை. ஒரு வரிகூடப் பதிவு செய்ய மாட்டேன் என்று சொன்னாள். என்னிடம் தன் வீட்டு மாற்றுச் சாவியைக் கொடுத்தாள். “இந்த ஊர்ல எனக்கு நீங்க ஒருத்தர்தான், அக்கா.” அந்தச் சாவி என் வாசலருகே ஆணியில் தொங்கியது. இப்போது உங்களிடம் இருக்கிறது.

ஆனால் பாடுகிறவள் பாடாமல் இருப்பாளா? அவள் குளியலறையும் என் குளியலறையும் ஒரே காற்றுக் குழாயில் சேருகின்றன. ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களில் மெல்லப் பாடுவாள். எனக்குக் கேட்கிறது என்று அவளிடம் சொன்னேன். “உங்களுக்கு மட்டும் கேட்டாப் போதும்” என்றாள். அதற்கப்புறம்தான் குழாயின் வாயில் ஒலிவாங்கியை மாட்டினேன். சும்மா காற்றில் போகிறதே என்ற ஆதங்கம்தான்.

அந்த ஞாயிறு கூரைப் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் புதிதாக ஒன்று பாடினாள். அவள் பாடியதிலேயே அதுதான் உயர்ந்தது. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இப்போது எல்லாரிடமும் இருக்கிறது. மூன்றாவது சரணத்தில் வார்த்தைகள் குழறின. வேண்டுமென்றே அப்படிப் பாடுகிறாள் என்று நினைத்தேன். எதுவோ விழுந்தது. அப்புறம் கூப்பிட்டாள்.

“குன்வோர் அக்கா... இருக்கீங்களா? கை வரல... சாவி... உங்ககிட்ட...”

நான் குழாய்க்கு நேர் கீழே, குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். வாயைப் பொத்திக்கொண்டேன். பதில் சொல்லியிருந்தால் என் குரல் அதில் விழுந்திருக்கும்.

பதிவு இயந்திரத்தை நிறுத்தியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். நிறுத்தினால் வெட்டு. சத்தமில்லாமல் எழுந்து போயிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். என் குளியலறைக் கதவு கிறீச்சிடும். எண்ணெய் விட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் முனக ஆரம்பித்தாள். அதே மெட்டுத்தான். எனக்குக் கேட்கட்டும் என்று முனகினாள் என்பது இப்போது புரிகிறது. இல்லை, தம்பி, உங்களிடம் மழுப்புவானேன், அப்போதே புரிந்தது. ஆனாலும் அவள் பாட்டு எதற்கும் நாலு சரணம் உண்டு, கடைசிச் சரணம் பாக்கி இருந்தது. அதன் மெட்டு வரும் என்று காத்திருந்தேன். வந்தது. ஒரு முறை, முழுசாக. அதற்கப்புறம் சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும். பாட்டின் கடைசி அமைதியும் பாட்டோடு சேர்ந்ததுதான், அதனால் அதையும் விட்டு வைத்தேன். சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தரம் போட்டுக் கேட்டேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு மாடியேறினேன்.

முன்னாலேயே ஆம்புலன்சைக் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று அதில் வந்த பெண் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். நான் மறுக்கவில்லை. இல்வா கூப்பிட்டது கேட்டது, சாவி என்னிடம் இருந்தது, நான் போகவில்லை. இப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அன்று சாயங்காலமே வட்டத்துக்குக் கொடுத்தேன், அவள் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதோடு சேர்த்து. அதை வெட்டியிருந்தால் நீங்கள் என் வாசலுக்கே வந்திருக்க மாட்டீர்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் விதி விதிதானே.

இப்போது எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். யாரோ ஒருவன் அந்தப் பாட்டை எடுத்து, நடுவில் அவள் கூப்பிட்டதை எல்லாம் வெட்டிவிட்டு, நான் பதிவு செய்தது என்று ஒரு வார்த்தை போடாமல், தன் பேரை ஒட்டி ஊரெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளிர்ந்த தொட்டி விளிம்பில் அசையாமல் உட்கார்ந்து எடுத்தது நான். ஒருத்தி பாடுபட்டதை இன்னொருத்தன் இப்படி எடுத்துக்கொண்டு போனால் அதற்கு என்ன பேர், தம்பி? அந்தப் புகாரையும் இதோடு எழுதிக்கொள்ளுங்கள்.