கடைசி வார மன்னிப்பு

எனக்கு மாலைத் தொடரைவிடக் காலைத் தொடர்தான் பிடிக்கும், ஐயா. மாலையில் வருவதில் வீடும் காரும் உடுப்பும்தான் நடிக்கும். காலை எட்டரைக்கு வருவதற்கு அவ்வளவு செலவு செய்யமாட்டார்கள். அதனால் மனிதர்களே நடித்தாக வேண்டும். அன்றைக்கு அறையில் தொலைக்காட்சி ஓடியதா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். ஓடியது. நூற்றுப் பன்னிரண்டாவது பகுதி. சத்தத்தைக்கூட நான் குறைக்கவில்லை.

பெயரை எழுதிக்கொண்டீர்கள். ஹான் யோங்சுன், அறுபத்தொரு வயது, சொந்த ஊர் சீனாவில் யான்ஜி. தாத்தா காலத்தில் இங்கிருந்து அங்கே போய்க் குடியேறியவர்கள் நாங்கள். நானும் கொரியக்காரிதான், பேசுவதும் கொரிய மொழிதான். ஆனாலும் நான் வாயைத் திறந்ததும் உங்கள் முகம் லேசாக மாறியது. எல்லோருக்கும் மாறும். உங்கள் தொடர்களில் எங்கள் ஊர்க்காரர்கள் வந்தால் கத்தியோடு வருவார்கள், இல்லாவிட்டால் உணவகத்தின் பின்கட்டில் பாத்திரம் கழுவ வருவார்கள். பதினெட்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். முதல் ஏழு வருடம் பாத்திரம்தான் கழுவினேன். கத்திக்கு அவசியம் வரவில்லை.

அதன்பிறகு நோயாளிகளுக்குத் துணை இருக்கும் வேலை. குன்சானில் உள்ள அந்த முதியோர் மருத்துவமனையில் ஓர் அறைக்கு ஆறு கட்டில். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போடும் தாழ்ந்த பலகை ஒன்று உண்டு. அதுதான் என் படுக்கை. சோறும் அங்கே, தூக்கமும் அங்கே. வெளியே போவது மாதம் இரண்டு நாள். அப்படி இருக்கிறவள் தொடர் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பாள்?

சும்மா பார்க்கிறவள் இல்லை நான். சாலையைக் கடக்கும்போது யாராவது சிரித்தால் அடுத்த நொடி லாரி வரும் என்று சொல்லிவிடுவேன், வந்துவிடும். தலையில் அடிபட்டால் காதலியை மட்டும் மறப்பான், கைபேசிக் கடவுச்சொல் நினைவிருக்கும். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். நூறு பகுதிக்குக் கொடுமை செய்த ஒருத்திக்குக் கடைசி வாரத்தில் நோய் வரும். கணையத்திலோ நுரையீரலிலோ. உடனே எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று அழுவார்கள். ‘ஓராண்டுக்குப் பிறகு’ என்று எழுத்து வரும். எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இது என்ன கதை? பட்டவளுக்கு என்ன கிடைத்தது?

பக்கத்துக் கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து கிடந்த தாக் அம்மாள் சிரிப்பாள். “ரிமோட்டும் உன் கையில, வாயும் உன்னுது. நாங்க எப்பத்தான்டி தொடர் பாக்குறது?”

தொலைக்காட்சி நிலையத்தின் இணையப் பக்கத்தில் பார்வையாளர்கள் கருத்து எழுத ஒரு பலகை உண்டு, தெரிந்திருக்கும். இந்த ஊரில் கதையை முழுதாக எழுதி வைத்துக்கொண்டு எடுக்கமாட்டார்கள். இந்த வாரம் எழுதி, எடுத்து, காட்டிவிடுவார்கள். பலகையில் சத்தம் எழுந்தால் அடுத்த வாரம் மாற்றுவார்கள். போன வருடம் ஒரு தொடரில், பெற்ற பெண்ணை விட்டு ஓடிப்போன தாய் ஒருத்தி திரும்பி வந்தாள். அவளை மன்னிக்கக் கூடாது என்று ஒற்றை விரலால் தட்டித் தட்டி இருபத்திரண்டு முறை எழுதினேன். கடைசி வாரம் அந்தத் தாய் ஒரு படகுத்துறையில் யாருமில்லாமல் செத்தாள்.

நான் தாக் அம்மாளிடம் சொன்னேன். “பாத்தீங்களா, நான் எழுதுனதுதான்.”

“உன் தலை. அந்த நடிகைக்கு வேற தொடர்ல இடம் கிடைச்சிருச்சு, அதான் போட்டுத் தள்ளிட்டாங்க.”

இருக்கலாம். ஆனால் முடிவு சரியான முடிவு. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

கும்ரே அம்மாள் வந்தது அதற்குப் பிறகு. பியோ கும்ரே, எழுபத்தொன்பது வயது, நுரையீரலில் புற்று. வந்தபோதே மருத்துவர் இரண்டு மாதம் என்றார். சொந்தம் யாரும் இல்லை என்று அவள் சொன்னாள். அலுவலகத்தார் குடும்பப் பதிவைத் தேடியபோது ஒரு மகள் இருப்பது தெரிந்தது. உன்ஜு, தேஜோனில் தொடுகறிக் கடை நடத்துகிறாள். உன்ஜுவுக்கு நான்கு வயதாக இருந்தபோது அவளை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு இவள் பூசானுக்குப் போய்விட்டாள். ஒரு மீன்பிடிப் படகுக்காரனோடு என்று அவளே என்னிடம் சொன்னாள், முதுகைத் துடைத்துவிடும்போது. அதை மறைக்கவும் இல்லை, அதற்காக அழவும் இல்லை.

உன்ஜு முதல் முறை வந்தபோது சோயாப்பால் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. நோயாளிக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திடும் படிவத்தை அலுவலகத்தார் நீட்டியதற்கு, “எனக்கு அவங்க யாரும் இல்லை” என்றாள். பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அருமையான காட்சி, ஐயா. எனக்கு அவளை மிகவும் பிடித்துப்போனது.

அடுத்த வாரம் சிப்பிக் கஞ்சியோடு வந்தாள். அதற்கு அடுத்த வாரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாயின் கால் நகத்தை வெட்டினாள். கும்ரே அம்மாள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“விடு, அழுக்கா இருக்கு.”

“கொஞ்சம் சும்மா இருங்க. நகம் சதையில போயிரும்.”

“உனக்கும் என் காலுதான். சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும்.”

உன்ஜு தன் காலுறையைக் கழற்றிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். தாக் அம்மாள் போர்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாற்பத்தேழு வருடம், மூன்று வாரத்தில் முடிந்தது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. சுண்டுவிரலைப் பார்த்துச் சிரித்தார்கள், அவ்வளவுதான். இதை ஓர் எழுத்தாளர் எழுதியிருந்தால் பலகையில் நார் நாராகக் கிழித்திருப்பேன்.

எனக்கு மகள் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு, ஹோங்மே. சீனாவில், சிங்டாவோ நகரத்தில் இருக்கிறாள். நான் இங்கே கிளம்பியபோது அவளுக்குப் பதினைந்து வயது. நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது. அது வேறு, இது வேறு. நான் யாரோடும் ஓடவில்லை. வேலைக்கு வந்தேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தார்கள். அவள் படித்தது என் கையை வேகவைத்த சோப்புத் தண்ணீரால். அவள் கல்யாணத்தில் தாயின் நாற்காலியில் என் நாத்தனார் உட்கார்ந்திருந்ததைப் படத்தில்தான் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் அனுப்பும் எதுவும் அவளுக்குப் போய்ச் சேருவதில்லை. கைபேசியில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாள். ஆறு வருடம் ஆகிறது. அவளுக்கு என் மேல் கோபம் இல்லை. வேலை அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நகம் வெட்டிய அன்று உன்ஜு கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, அம்மாவுக்கு முடியலைன்னா எந்நேரமா இருந்தாலும் எனக்கு ஒரு போன் போடுங்க. கடைசி மூச்சுல நான் பக்கத்துல இருக்கணும். மத்ததெல்லாம் போச்சு, அதாவது இருக்கட்டும்.” படிவத்தில் தன் எண்ணைச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அலுவலகத்தில் கொடுக்கவில்லை.

கடைசி மூச்சைப் பார்க்காத பிள்ளைக்கு இந்த ஊரில் அது ஆயுள் முழுக்க ஆறாது. இலையுதிர் காலத்தில் கல்லறைப் புல்லை வெட்டப் போகும்போதுகூட அதைச் சொல்லித்தான் அழுவார்கள். எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். கும்ரே அம்மாளின் விரல்கள் வீங்கிப்போனதால் அவளுடைய கைபேசி என்னிடம்தான் இருந்தது. அதிலிருந்து உன்ஜுவுக்கு எழுதினேன். ‘இனி வராதே. உன்னைப் பார்த்தால் பழையதெல்லாம் நினைவுக்கு வருகிறது. என்னை நிம்மதியாகச் சாக விடு.’ மூன்று வரி. அளவாக இருந்தது. உன்ஜு உடனே என் எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

“அக்கா, இது அம்மா சொன்னதா?”

“ஆமாம்மா. சொல்லச் சொல்ல நான்தான் தட்டுனேன். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்.”

பிறகு, “கஞ்சி மட்டும் அனுப்பலாமா? நான்னு சொல்லாம குடுத்துருங்க” என்றாள்.

ஒன்றுவிட்டு ஒருநாள் பேருந்தில் கஞ்சி வந்தது. நிலையத்துக்கு ஆள் அனுப்பி எடுத்துவரச் சொல்வேன். கொட்டவில்லை, ஐயா. சாப்பாட்டை வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை. நான் சாப்பிட்டேன். எள்ளெண்ணெய் சரியான பதத்தில் இருக்கும், சிப்பியைப் பொடியாக நறுக்கியிருப்பாள், பல் இல்லாதவளுக்கு என்று. கும்ரே அம்மாள் மருத்துவமனைக் கஞ்சியை இரண்டு கரண்டி குடித்துவிட்டுக் கதவைப் பார்ப்பாள்.

“கடையில ஆள் இல்லையாம், பெரியம்மா” என்பேன்.

“பாவம், ஒத்தையா எத்தனை வேலைதான் பாப்பா” என்பாள்.

அந்த மூன்று வரி போன ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. காலை ஏழரைக்கு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். “ரத்த அழுத்தம் இறங்கிட்டே இருக்கு. இன்னிக்கு தாண்டாது. பொண்ணுக்குச் சொல்லிருங்க, இப்பக் கிளம்புனா வந்து பாத்துரலாம்.”

கைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். தண்ணீர் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று காகிதக் கோப்பையில் காப்பி கலந்து குடித்தேன். ஒருவரை அழைத்துப் பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றேன். பிறகு நர்ஸிடம் போய்ச் சொல்லிவிட்டேன் என்றேன். தேஜோனிலிருந்து வர ஒன்றரை மணி நேரம் போதும். கும்ரே அம்மாள் பத்தே காலுக்குத்தான் போனாள். உன்ஜு வந்திருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கவும் நேரம் இருந்தது.

தொடர் ஆரம்பித்தபோது அவளுக்கு நல்ல நினைவு இருந்தது. “உன்ஜு?” என்றாள்.

“கூப்பிட்டேன், பெரியம்மா. வரமாட்டாளாம்.”

அழுவாள் என்று நினைத்தேன். அந்த நாற்பத்தேழு வருடமும் ஒரேயடியாக வந்து அவள் நெஞ்சில் உட்காரும், அப்போதுதான் தான் செய்தது அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன். அதற்காகத்தானே இவ்வளவும். அவள் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். “இன்னிக்கு சனிக்கிழமையாச்சே. கடையில கூட்டமா இருக்கும்.”

எந்த எழுத்தாளரும் அந்த இடத்தில் அந்த வசனத்தை எழுதமாட்டார். அந்தப் பாத்திரத்துக்கு அது பொருந்தவே இல்லை. எனக்கு வந்த கோபத்தை நான் மறைக்கப் போவதில்லை. குனிந்து அவள் காதருகில் சொன்னேன்.

“கூட்டம் எல்லாம் இல்ல. உங்க முகத்துல முழிக்க இஷ்டம் இல்லைன்னு சொன்னா. செத்தாலும் சொல்லி அனுப்ப வேணாம்னா.”

கும்ரே அம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையை அசைத்தாள். “நியாயந்தான்” என்றாள். “என்னைக் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பிப் போடு.”

சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தேன். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. படுக்கைப்புண் வரக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

அந்த அறைக்குக் கீழ்த்தளத்தில்தான் இறுதிச் சடங்குக் கூடம். நான் காதில் சொன்னது பக்கத்துக் கட்டிலில் இருந்த தாக் அம்மாளுக்கும் கேட்டிருக்கிறது. அவள் சக்கர நாற்காலியில் இறங்கிப் போய், அலுவலகத்தார் சாவுச் செய்தி சொல்லி வந்து துக்க உடுப்பில் நின்ற உன்ஜுவைப் பார்த்து அத்தனை பேர் முன்னால் கேட்டாளாம். “ஏன்டி, உம்பேரைச் சொல்லிச் சொல்லியே கிடந்தாளே. நீ அப்படி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமா?” உன்ஜுவுக்கு ஒன்றும் புரியவில்லை. அதன் பிறகு கைபேசியைப் பார்த்தார்கள், அழைப்புப் பட்டியலைப் பார்த்தார்கள், உங்களிடம் வந்தார்கள்.

மருந்தைக் கூட்டிக் கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. வலிக்குத் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டைகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். முகத்தில் தலையணையை வைத்து அழுத்தவில்லை. அவள் நோயால்தான் செத்தாள், அந்த நாளில்தான் செத்திருப்பாள். நான் செய்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர் என்று நீங்கள் காலையிலிருந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். பெயர் கிடைத்தால் போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தாயிடம் மகள் வரமாட்டாள் என்றேன், மகளிடம் தாய்க்கு வேண்டாம் என்றேன். இரண்டும் நான் சொன்னவை. உன்ஜுவுக்காகத்தான் சொன்னேன். நான்கு வயதில் விட்டுப் போனவளுக்கு அவ்வளவு சுலபமாக ஒரு மகள் கிடைத்துவிடக் கூடாது. அவள் எனக்கு நன்றி சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை.

இந்தப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அவசரத்துக்குத் தெரிவிக்க வேண்டிய உறவினர் என்று. ஹோங்மேயின் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் எண்ணிலிருந்து போனால் எடுப்பாள். வழக்கு, விசாரணை என்று எதுவும் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவாள். அம்மாவுக்கு நுரையீரலில் புற்று, அதிக நாள் தாங்காது என்று மட்டும் சொல்லுங்கள். வந்துவிடுவாள், ஐயா. என்ன இருந்தாலும் நான் பெற்றவள் அல்லவா.